என்னிடம் அழாத மகள், தோழி வீட்டில் அழுதிருக்கிறாள்

கேள்வி: என் மனைவி இறந்து ஏழு மாதமாகிறது. எங்கள் ஒரே மகளுக்கு எட்டு வயது. அம்மாவைப் பற்றி வீட்டில் அவள் வாயே திறப்பதில்லை. என் முன்னால் அழுததுமில்லை. பழைய தோழிகளிடமிருந்தும் விலகிவிட்டாள். இந்த வருடம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பம். மொழி, மதம், பழக்கவழக்கம் எல்லாமே வேறு. அந்த வீட்டில் இறந்துபோன பாட்டியின் படத்தோடு சகஜமாகப் பேசுவார்களாம். இப்போது என் மகளும் இரவில் அம்மா படத்தோடு பேசுகிறாள். "பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிடும், அங்கே அனுப்பாதே" என்கிறார் என் அம்மா. போன வாரம் அந்த வீட்டில் அவள் தேம்பித் தேம்பி அழுததாகத் தோழியின் அம்மா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அடுத்த மாதம் என் மனைவியின் பிறந்தநாள். அன்று அந்தத் தோழி வர வேண்டும் என்கிறாள். உறவினர்களும் இருப்பார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மாவின் பயத்தை விளக்கமாக எழுதிவிட்டு, உங்கள் தூக்கம் போனதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். பெற்றவன் நான் இருக்க, அந்நிய வீட்டில் போய் அழுதிருக்கிறாளே என்ற வலிதானே அது?

உங்கள் மேல் பாசம் இல்லாமல் அவள் அங்கே போய் அழவில்லை. அவளுக்கு மிச்சமிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அப்பா சாப்பிட்டாரா, அப்பா முகம் ஏன் வாடியிருக்கிறது, அம்மா பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுவாரா என்று அவள் கண் உங்களையே சுற்றிக்கொண்டிருக்கும். பெற்றவரில் ஒருவரைப் பறிகொடுத்த குழந்தைகள், இருக்கும் இன்னொருவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளப் பெரும்பாடு படுவார்கள். தான் அழுதால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று எட்டு வயதில் அவள் கணக்குப் போட்டிருக்கக்கூடும். தோழி வீட்டில் அந்தப் பயம் இல்லை. அங்கே அவள் அழுதால் யாரும் இடிந்துபோய் உட்கார மாட்டார்கள்.

பழைய தோழிகளை விட்டு இந்தப் பெண்ணிடம் ஏன் போனாள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பழைய தோழிகளுக்கு அவள் அம்மாவைத் தெரியும். இப்போது அவளைப் பார்த்ததும் அவர்கள் தங்கள் அம்மாக்களைப் பற்றிய பேச்சை நிறுத்தியிருப்பார்கள், அல்லது பாவமாகப் பார்த்திருப்பார்கள். குழந்தைகளுக்கு அந்தப் பார்வை தாங்காது. புதிதாக வந்தவளுக்கோ முன்கதை எதுவும் தெரியாது. அதோடு, அவளும் பறிகொடுத்துவிட்டு வந்தவள்தான்: பழகிய வீடு, கூட விளையாடியவர்கள், வாய் நிறையப் பேசிய மொழி, கூடவே பாட்டி. வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நிற்பவளும், சிரிக்க மனமில்லாமல் நிற்பவளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மொழி அரைகுறையாக இருப்பதுகூட இங்கே உதவிதான். சுற்றி வளைத்துப் பேச வார்த்தை போதாததால், "உன் அம்மா எங்கே?" என்று நேராகக் கேட்கத்தான் முடியும். பெரியவர்கள் யாரும் உங்கள் மகளிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டோம்.

எனக்குப் பத்து வயதில் அண்ணன் இறந்தான். நான் உள்ளே நுழைந்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மொழியை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும், "உன் அண்ணன் வேகமாக ஓடுவானா?" என்று கேட்டான். அவன் எப்படி ஓடுவான் என்று நான் ஓடியே காட்டினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் 1982-இல் பெவர்லி சாப்பல் என்பவர் தொடங்கிய டகி சென்டர், நெருங்கியவரை இழந்த குழந்தைகளை ஒன்றாக உட்காரவைத்து அவர்களையே பேசவும் விளையாடவும் விடுகிறது. துக்கப்படும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை துணை என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் மகள் அப்படி ஒரு துணையைத் தானே தேடிக்கொண்டாள்.

இனி, படத்தோடு பேசுவது. அவளுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. மரணத்தைக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று வந்த ஆய்வுகளை மார்க் ஸ்பீஸ், சாண்டோர் பிரென்ட் இருவரும் 1984-இல் தொகுத்துப் பார்த்தார்கள். செத்தவர் திரும்ப மாட்டார், அவர் உடல் இனி இயங்காது, எல்லோருக்கும் ஒருநாள் இது வரும் என்ற மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பிடிபட்டுவிடுகின்றன. ஆக, உங்கள் மகளுக்குத் தெரியும். தெரிந்துதான் பேசுகிறாள். ஃபில்லிஸ் சில்வர்மேன், வில்லியம் வோர்டன் குழு, தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களில் 125 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். உறவை அறுத்து மறந்தால்தான் தேறலாம் என்ற பழைய எண்ணத்தை மாற்றிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று. உங்கள் அம்மாவிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். அவரும் மருமகளை இழந்தவர். "அவ பேசறப்போ நீங்களும் பக்கத்தில உக்காருங்கம்மா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு வீட்டு நம்பிக்கைகளும் ஒருநாள் மோதும். "அவங்க பாட்டி இன்னொரு இடத்தில இருக்காங்களாம், நம்ம அம்மா எங்கேப்பா?" என்று கேட்பாள். அந்த வீட்டைத் தாழ்த்தாமல், "அவங்க அப்படி நம்பறாங்க, நம்ம வீட்ல இப்படி நம்பறோம், உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அம்மா இறந்துவிட்டாள் என்ற சொல்லைச் சொல்லுங்கள். தூங்குகிறாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று யாராவது சொன்னால், குழந்தை தூங்கவே பயப்படும், அல்லது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அங்கே ஏன் அழுதாய் என்று விசாரிக்காதீர்கள். அந்த அழுகை அவளுடையது. அதற்குப் பதில், நீங்கள் முதலில் பேசுங்கள். எதிரெதிரே உட்காரவைத்து வேண்டாம். நடந்து போகும்போது, துணி மடிக்கும்போது, "இந்தச் சட்டை உங்கம்மா எடுத்தது" என்று மனைவியின் பேச்சை எடுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும். "அப்பாவுக்கும் அழுகை வருது, ஆனா உன்னைப் பாத்துக்க என்னால முடியும்" என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் அவள் காதில் விழ வேண்டும். அழுத பத்தாவது நிமிஷம் அவள் விளையாட ஓடினால் மனசு விட்டுவிடாதீர்கள். குழந்தைகளின் துக்கம் அப்படித்தான் வந்து வந்து போகும்.

தோழியின் பெற்றோரை நேரில் போய்ப் பார்த்து நன்றி சொல்லுங்கள். உங்கள் மகளிடம் மரணத்தைப் பற்றி நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும். அந்தப் பெண்ணும் குழந்தைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் மகளின் முழுப் பாரத்தையும் அவள் தோளில் இறக்கிவைக்க முடியாது. இடம் மாறி வந்த குடும்பம் மறுபடியும் மாறக்கூடும். அப்படி ஒன்று வந்தால் உங்கள் மகளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், ஒழுங்காக விடைபெற நேரம் கிடைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது? அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் திருத்திய கையேடு, குழந்தைகளுக்கு ஆறு மாதம் கடந்தும் கடும் ஏக்கம் அநேகமாகத் தினமும் இருந்து அன்றாட வாழ்வை முடக்கினால் அதை நீடித்த துக்க நோயாகப் பார்க்கச் சொல்கிறது. ஏழு மாதம் ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். வெறும் துக்கம் நோயல்ல. பள்ளிக்குப் போய், தோழி பிடித்து, பிறந்தநாளுக்குத் திட்டம் போடுகிற பிள்ளை முடங்கவில்லை. ஆனால் சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். "நானும் அம்மாகிட்ட போறேன்" என்று சொன்னால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

பிறந்தநாளுக்கு அந்தப் பெண்ணை அழையுங்கள். அவள் பெற்றோரையும் சேர்த்து. உறவினர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், உங்கள் வாயால், என் மகளின் தோழி வருகிறாள் என்று. யார் முகம் சுளித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவள் அல்ல. படத்தின் முன்னால் யார் நிற்பது, என்ன செய்வது என்பதை மகளிடமே கேளுங்கள். தோழிக்கு அவள் தன் அம்மாவை அறிமுகப்படுத்துவாள், பாதி வார்த்தையும் பாதி சைகையுமாக. நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அவளுக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.