ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாக சூப் போதுமா?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது, எடை 60 கிலோ. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் காய்ச்சல் வந்து போனதிலிருந்து ராத்திரி சோறு வேண்டாம் என்கிறார். பல்லும் பாதி இல்லை. காய்கறியை வேகவைத்து வடிகட்டி, கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றி சூப்பாகக் கொடுக்கிறேன். விரும்பிக் குடிக்கிறார். ஆனால் இரண்டு தடவை விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கியது. சத்துக் குறைவா? சூப்பில் வேறு என்ன சேர்க்கலாம்?
- வாசகி, தக்கலை

பதில்: சூப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வியர்வையும் நடுக்கமும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தவருக்கு விடியற்காலையில் இப்படி வந்தால், சர்க்கரை இறங்கிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சோறு சாப்பிட்ட காலத்தில் எழுதிய அளவு, சூப் மட்டும் குடிக்கிறவருக்குக் கூடிப்போகும்.

மறுபடி வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, மீட்டர் கையில் இல்லையென்றாலோ, மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் வியர்க்கிறது, நெஞ்சை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது இதயத்தின் வேலையாக இருக்கலாம், அப்போதும் 108தான். எதுவும் வராவிட்டாலும் நாளைக்கே மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் பார்த்து, “ராத்திரி சாப்பாடு குறைந்துவிட்டது” என்று சொல்லுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால், வருகிறவரிடமும் இதைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி சூப். வடிகட்டிய காய்த் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்தால் நூறு கலோரிகூடத் தேறாது, புரதம் அநேகமாக இல்லை. கெட்டியாகத் தெரிவது வெறும் மாவுதான். ஓட்டலில் கொடுப்பது போல் தெளிவாக இருந்தால்தான் சூப் என்று யார் சொன்னது? இந்த வயதில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் அவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் வேண்டும். காய்ச்சலில் கரைந்த தசை அதில்லாமல் திரும்பாது.

நம்ம ஊரில் காய்ச்சலென்றால் கஞ்சியும் பயறும்தானே. அந்தப் பயறையே சூப்புக்குள் போடுங்கள். 30 கிராம் சிறுபயறை, அதாவது ஒரு கைப்பிடி, காலையிலேயே ஊறப்போட்டுவிடுங்கள். அதோடு ஒரு சின்ன கேரட், இரண்டு துண்டு தடியங்காய் (வெண்பூசணி), நாலைந்து பீன்ஸ், கொஞ்சம் சின்ன உள்ளி, இரண்டு பல் பூண்டு சேர்த்துக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். வடிகட்டாமல் மத்தால் கடையுங்கள். பல் இல்லாதவருக்கு அதுவே போதும். மறுபடி கொதிக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போட்டு மூன்று நிமிடம் விட்டு, ஒரு முட்டையை அடித்து நூல்போல ஊற்றிக் கிளறுங்கள். பயறில் 7 கிராம், முட்டையில் 6 கிராம் புரதம் வந்துவிடும். தேங்காயெண்ணெய் ஒரு டீஸ்பூன் கட்டாயம்: கேரட், கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகு. கொதிக்கும்போது விட்டால் வைட்டமின் சி போய்விடும்.

உப்பு கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குக் கீழேதான். குறைந்த உப்பை நல்லமிளகும் சீரகமும் ஈடுகட்டும். பாக்கெட் சூப், சூப் கட்டி இரண்டையும் பிரஷர்காரர் வீட்டில் வாங்காதீர்கள்.

கெட்டிக்காக மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சேர்க்கிற வீடுகள் உண்டு. சர்க்கரைக்காரருக்கு அது வேண்டாம். மற்றவர்களுக்குச் செய்தாலும், மரச்சீனி அவித்த தண்ணீரைச் சூப்பில் விடக் கூடாது. அதில் சயனைடு இறங்கியிருக்கும். நம் பாட்டிமார் அதை ஊற்றிக் கொட்டியது காரணமாகத்தான்.

இந்தச் சூப்போடு இரண்டு இட்லியோ, ஒரு கரண்டி குழைந்த சம்பா அரிசிச் சோறோ சேர்ந்தால்தான் ராத்திரிச் சாப்பாடு. ஒன்று கேட்க மறந்தேன்: சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் எவ்வளவு? சிறுநீரகம் தளர்ந்திருந்தால், காய், கீரை, பயறில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் கூடும். பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிட்டால் இன்னும் கவனம் வேண்டும். அப்படியென்றால் காய்களைத் தனியே நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கீரை, பயறு அளவையும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் பசி திரும்பாமல், எடையும் இறங்கி, இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அரசு மருத்துவமனையில் அந்தச் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.