மாவுயி டால்பினும் கம்பெனிப் பணமும்: கேள்வி பதில்

நியூசிலாந்தில் வடக்குத் தீவின் மேற்குக் கரையில் மட்டும் வாழும் சின்ன டால்பின் மாவுயி. ஹெக்டர் டால்பினின் துணையினம். முதுகுத் துடுப்பு வட்டமாக இருக்கும். கேளுங்கள்.

கலா: மொத்தம் எத்தனை இருக்கின்றன?
2020-21 மதிப்பீட்டில், ஒரு வயதைத் தாண்டியவை சுமார் 54.

செந்தில்: மீன் கம்பெனிகளே காசு கொடுத்துக் காப்பாற்றுகின்றனவாம். பாலுக்குப் பூனை காவலா?
பூனை பிறகு வரும், பொறுங்கள். 2016 கடைசியில் சான்ஃபோர்ட் என்ற மீன் கம்பெனியும், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களின் நிறுவனமான மோவானாவும், வனவிலங்குகளைக் காக்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்போடு சேர்ந்து ஒரு திட்டம் அறிவித்தன. மாவுயி நடமாடும் கடலில் செவுள் வலையை (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி தண்ணீரில் நிறுத்திவைக்கும் வலை) கைவிடுவது, டால்பினுக்கு ஆபத்தில்லாத முறைக்கு மாறுவது என்று வாக்குறுதி. பணம் போகவேண்டிய சரியான இடம் அதுதான். செவுள் வலையில் சிக்கிய டால்பின் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துவிடும். கம்பெனிக்கு இதில் சுயநலம் இல்லையா? உண்டு. 2022 நவம்பரில் அமெரிக்க வர்த்தக நீதிமன்றம், அந்தக் கரையில் செவுள் வலையிலும் இழுவலையிலும் பிடித்த சில மீன்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. சந்தை போய்விடும் என்ற பயமும் வேலை செய்யட்டுமே! எந்தக் கம்பெனி நன்கொடை அறிவித்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: வலை எடுக்கப்பட்டதா?

மீரா: ட்ரோன் திட்டம்?
ட்ரோனைப் பறக்கவிட்டு மாவுயியைத் தேடும் மாவுயி63 குழுவினுடையது. 2021-இல் அரசோடு அந்த இரண்டு கம்பெனிகளும் துணை நின்றன. செயற்கை நுண்ணறிவு மேலிருந்து டால்பினை அடையாளம் காணும். அது எங்கே சுற்றுகிறது என்று தெரிந்தால் படகை அங்கே போகாமல் விலக்கலாம். நல்ல கருவிதான். ஆனால் ட்ரோன் வலையை அறுக்காது. அந்த 63, முந்தைய மதிப்பீட்டு எண்ணிக்கை. இப்போது பெயரே பழசாகிவிட்டது.

ஜோதி: எத்தனை மிச்சம்?
கலாவுக்குச் சொன்னேன்.

பிரபு: மாவுயி சாவதற்குப் பூனைதான் காரணம் என்பது மீன் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை.
கதை இல்லை. டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி பூனை மலத்தில் வெளியேறி, மழைநீரோடு கடலுக்குப் போகிறது. 2013-இல் வெளியான ஆய்வில், இறந்து கிடைத்த 28 ஹெக்டர் டால்பின்களில் 7 அதனால் செத்திருந்தன. அந்த 28-இல் மாவுயி மூன்று. அந்த மூன்றில் இரண்டுக்கு இதுதான் காரணம்.

பிரபு: அப்போ வலைக்காரரை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?
வலையை நாளைக்கே தூக்கிவிடலாம், அதனால். மழைநீரிலிருந்து ஒட்டுண்ணியை எப்படிப் பிரிப்பீர்கள்? பெண் மாவுயி ஏழு, எட்டு வயதில்தான் முதல் குட்டி போடும். பிறகு 2 முதல் 4 ஆண்டுக்கு ஒன்று. மனிதரால் 10 முதல் 23 ஆண்டுக்கு ஒரு சாவுதான் தாங்கும் என்று நிபுணர்கள் கணக்கிட்டார்கள். நோய் ஒரு பக்கம் கொல்கிறது என்றால் வலையில் போகவிட இன்னும் இடம் குறைவு, கூடுதல் இல்லை.

பிரபு: பூனை வளர்ப்பவர்கள் எல்லாம் குற்றவாளிகளா?
என் வீட்டில் இரண்டு இருக்கின்றன ஐயா. மலத்தைக் கழிப்பறையில் கொட்டாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். சரி, பூனை போதும்.

வாணி: தொட்டியில் வளர்த்துப் பெருக்கலாமே?
பிடிக்கப் போய் ஒன்று செத்தால்? வேண்டாம்.

அருண்: தொழில் போகும் மீனவர்களுக்கு இழப்பீடு?
நியாயமான கேள்வி. மீன்வளச் சட்டம் படித்தவரிடம் கேளுங்கள். நான் உயிரியல் ஆள்.

மாலதி: டப்பாவில் டால்பின் படம் போட்ட மீனை வாங்கலாமா?
அந்தப் படம் பெரும்பாலும் சூரை மீன் பிடிப்பைப் பற்றியது, மாவுயிக்குச் சம்பந்தமில்லை. எந்தக் கரை, எந்த வலை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எத்தனை மிச்சம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.