ஆப் தப்பு இல்ல ப்ரோ, மேல காத்து அப்டித்தான்

ஜூலைல சென்னைல தரைக்குப் பக்கத்துல காத்து மேற்கிலிருந்து வருது, ஆனா காத்து காட்டுற வெதர் ஆப்ல 13, 14 கி.மீ. உயரத்துக்கு மாத்துனா கிழக்கிலிருந்து வருதுன்னு காட்டுது, டேட்டா தப்பான்னு கேட்டிருந்தீங்க. தப்பே இல்ல. அதுதான் வெப்பமண்டல கீழை ஜெட் காத்து (கீழைன்னா கிழக்கு, ஜெட்னா ரொம்ப உயரத்துல பட்டையா வேகமா பாயுற காத்து), 1950கள்ல நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி கோட்டேஸ்வரம் கண்டுபிடிச்சு எழுதுனது. கோடைல திபெத் பீடபூமி சூடாகி அதுக்கு மேல பெரிய உயர் காத்தழுத்தப் பகுதி உக்காந்துக்கும், அதோட தெற்கு ஓரத்துல காத்து கிழக்கிலிருந்து மேற்கா 100 கி.மீ. வேகத்துக்கும் மேல பாயும், கீழ தென்மேற்குப் பருவக்காத்து ஈரத்த அள்ளிட்டு எதிர்த்திசைல வரும். தரைப்பக்கமா வந்த அந்தப் பருவக்காத்து மழையா கொட்டிட்டு மேல ஏறுனா வெளிய போக வழி வேணும்ல, அந்த வழி இதுதான். ஜெட் வீக்கா இருக்குற வருஷம் மழையும் பெரும்பாலும் சொதப்பும். அக்டோபர்ல அதே உயரத்த மறுபடி பாருங்க, இந்த ஜெட் காணாம போயிருக்கும்.