12 வோல்ட்டுக்கு மாறிய ஜீப்பில் காயில் கொதிப்பது ஏன்?

கேள்வி: தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் பழைய பெட்ரோல் ஜீப்பில் 6 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு 12 வோல்ட் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் போட்டோம். ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் பழையதுதான். டிரெய்லரில் தேங்காய் ஏற்றிக் கால் மணி நேரம் ஓட்டினால் காயில் கொதித்து இன்ஜின் நின்றுவிடுகிறது, காயில் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட்டும் கருகிவிட்டது. 6 வோல்ட் தரும் 7806 ரெகுலேட்டர் ஐ.சி. போட்டு வோல்ட்டைக் குறைக்கலாமா?

பதில்: அந்த ஐ.சி. வேண்டாம். அது தாங்குவது 1 ஆம்பியர் அளவுதான். உங்கள் காயில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு ரெசிஸ்டரே போதும்.

முதலில் காயிலின் இரு வயர்களையும் கழற்றி, + − முனைகளுக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒட்டவைத்தால் காட்டும் அளவைக் கழித்துவிடுங்கள். 1.5 ஓம் வந்தால் 6 வோல்ட் காயில். 3 ஓம் வந்தால் அது 12 வோல்ட் காயில். ரெசிஸ்டர் தேவையில்லை, பாயிண்ட்டோடு இணைந்த கண்டன்சரைச் சோதியுங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜாவதால் வோல்ட் சற்று ஏறும். முன்பு 7 வோல்ட்டில் 4.7 ஆம்பியர் ஓடிய காயிலில் இப்போது 14 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. கரண்ட் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சாவிக்கும் காயிலின் + முனைக்கும் நடுவே 1.5 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் பழைய 4.7 ஆம்பியருக்கே வந்துவிடும். ரெசிஸ்டரிலேயே 33 வாட் வரை சூடு எழும் என்பதால் 50 வாட், அலுமினிய உறை போட்டது வாங்குங்கள். 10 வாட் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் போட்டால் கருகிவிடும். பெட்ரோல் குழாயும் வயர்களும் படாத இடத்தில், இரும்புத் தகட்டோடு இறுக்கித் திருகுங்கள்.

இன்ஜின் ஓடாதபோது, பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டால் காயில் + முனையில் 6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பாயிண்ட் திறந்திருந்தால் 12 காட்டும். கரண்ட் ஓடினால்தான் ரெசிஸ்டர் வோல்ட்டைக் குறைக்கும் என்பதால் அது பழுதல்ல. அளந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஸ்டார்ட்டிங்கில். மோட்டார் சுற்றும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கும். ரெசிஸ்டர் தாண்டிக் காயிலுக்கு 5 வோல்ட்தான் கிடைக்கும், பொறி மங்கிவிடும். அதற்கு ஒரு 12 வோல்ட் ரிலே (கரண்ட் வந்தால் தானே மூடும் சுவிட்ச்) போடுங்கள். ரிலேயின் 30 எண் முனைக்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-க்கு காயில் +, 86-க்கு ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த கேபிள் முனை (மோட்டார் சுற்றும்போது மட்டும் கரண்ட் வரும் முனை), 85-க்கு பாடி. ஸ்டார்ட்டர் சுற்றும் நேரம் மட்டும் காயிலுக்கு நேரடி பேட்டரி கிடைக்கும். ரிலே இல்லாமல் அந்த மோட்டார் முனையையும் காயில் + முனையையும் வெறும் வயரால் இணைத்தால், சாவியிலிருந்து வரும் கரண்ட் அதன் வழியே மோட்டாருக்குப் பாய்ந்து, ரெசிஸ்டர் கொதிக்கும், காயிலுக்கு ஒன்றும் வராது.

கருகிய பாயிண்ட்டைத் தேய்க்காமல் புதிதாகவே மாற்றி, இடைவெளியை 0.5 மி.மீ. வையுங்கள்.