விளக்கு எரியுது, சத்தம் வரலைங்க!

கேள்வி: பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு மகள் பாடம் கேட்கிறாள். அதன் ஸ்பீக்கர் போய்விட்டதால் கோயமுத்தூர் போனபோது யூஎஸ்பி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி வந்தோமுங்க. சொருகினால் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. லினக்ஸுக்கு டிரைவர் (ஸ்பீக்கரை இயக்கும் மென்பொருள்) கிடையாது, விண்டோஸ் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். அப்படிங்களா?
– ஒரு வாசகி, சோமனூர்

பதில்: இல்லைங்க, விண்டோஸ் போட வேண்டாம். முதலில் ஸ்பீக்கரிலிருந்து எத்தனை ஒயர் வருகிறது என்று பாருங்கள். யூஎஸ்பி ஒயரோடு ஹெட்போனில் இருப்பது போன்ற 3.5 மி.மீ. பின்னும் இருந்தால், யூஎஸ்பி வெறும் கரண்டுக்குத்தான், பாட்டும் பேச்சும் அந்தப் பின் வழியாகத்தான் போகும். அதை ஹெட்போன் ஓட்டையில் சொருகாமல் விட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் சத்தம் வராது, விளக்கு மட்டும் எரியும். இந்த வகைதான் விலை குறைவு என்பதால் கடைகளில் நிறைய இருக்கிறது, பெட்டியிலும் பெரிதாக யூஎஸ்பி என்றே போட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு யூஎஸ்பி ஒயர்தான் என்றால், சவுண்ட் கார்டு வேலையைச் செய்யும் சிப் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று 1998-லேயே பொதுவான விதிமுறை வந்துவிட்டது, அதன்படி செய்த ஸ்பீக்கருக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கம்ப்யூட்டர் புது ஸ்பீக்கரைக் கண்டுகொண்டாலும் சத்தத்தைப் பழைய ஸ்பீக்கருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் பகுதிக்குப் போய் யூஎஸ்பி ஆடியோ என்றோ ஸ்பீக்கர் பெயரிலோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறமும் பாடம் மட்டும் ஊமையாக இருந்தால், பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற சின்ன மென்பொருளை மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். வீடியோ ஓடும்போதே அதில் பிளேபேக் பக்கத்தைத் திறந்தால், பிரவுசரின் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்று காட்டும், அங்கேயே மாற்றிவிடலாம். கான்ஃபிகரேஷன் பக்கத்தில் யூஎஸ்பி ஸ்பீக்கர் 'ஆஃப்' என்று இருந்தாலும் சத்தம் வராது, அதையும் பாருங்கள். அங்கே பெயரே வரவில்லையென்றால் வேறு யூஎஸ்பி போர்ட்டில் நேராகச் சொருகிப் பாருங்கள், நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வேண்டாம்.

இவ்வளவு எளிய விஷயத்துக்கு டிரைவர் இல்லை என்று சொல்லி ஜனங்களைச் செலவுக்கு இழுப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. புதிதாக வாங்கப் போகிறவர்கள், குறிப்பாக ஹெட்போன் ஓட்டையும் பழுதான லேப்டாப் வைத்திருப்பவர்கள், ஒற்றை ஒயர் ஸ்பீக்கரைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: வீட்டை ஒட்டியே தறி குடோன். யூஎஸ்பி ஸ்பீக்கரில் சத்தம் போதவில்லை, லினக்ஸில் கூட்ட முடியுமா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: நூறு சதவீதத்துக்கு மேல் ஏற்ற வழி இருக்கிறது, ஆனால் குரல் கரகரத்துப் போகும். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான். பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள். தறி ஓடும் இடத்தில் சுவர் பிளக்கில் சொருகும் ஸ்பீக்கர்தான் எடுபடும்.

கேள்வி: சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைகிறதே?
– ஒரு வாசகர், கோபி

பதில்: உங்களுடையது இரண்டு ஒயர் ஸ்பீக்கராக இருந்தால், கரண்டும் சத்தமும் ஒரே லேப்டாப்பிலிருந்து போவதால் இந்த இரைச்சல் வரலாம். யூஎஸ்பி ஒயரை லேப்டாப்பிலிருந்து கழற்றிப் போன் சார்ஜரில் சொருகிப் பாருங்கள், பல நேரம் அடங்கிவிடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.