டேப் வருகிறது, கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் 7ஆம், 8ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள பழைய மாணவர்கள் 30 டேப் (டேப்லட் கணினி) வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு ஒரு முகவர், பாடங்கள் முழுவதும் அடங்கிய ஆப்போடு டேப் தருவதாகக் கொட்டேஷன் கொண்டுவந்திருக்கிறார். அதிபருக்கும் விருப்பம். சிக்னல் மைதானத்தின் ஒரு மூலையில்தான் கிடைக்கும். தாளிலிருந்து டிஜிட்டலுக்கு மாற எங்கிருந்து தொடங்குவது?

பதில்: டீச்சர், அந்தக் கொட்டேஷனில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முதலில் அதிபரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்த ஆப்பை உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் உள்ளே இருக்கும். ஒன்று, கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் இணையதளத்தில் சும்மா போட்டிருக்கும் பாடநூல் பிடிஎஃப்களும் கொஞ்சம் பழைய வினாத்தாள்களும். 1980 முதல் பிள்ளைகளின் கையில் இலவசமாக வரும் புத்தகத்தை, கண்ணாடித் திரையில் போட்டதற்காகக் காசு கேட்கிறார்கள்! கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மொழிமூலப் பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. மற்றது, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கென்று செய்த வீடியோக்கள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் நம் பிள்ளை பரீட்சையில் காபனீரொட்சைட்டு என்று எழுத வேண்டும், வீடியோவில் கார்பன் டை ஆக்சைடு என்று வரும். பாட ஒழுங்கும் வேறு. நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கினால் பயன்படும், பிள்ளையிடம் தனியே கொடுத்துவிட்டால் குழப்பம்தான்.

அடுத்து, டேப் யாருடைய கூகிள் கணக்கில் திறக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். முகவர் தன் கணக்கைப் போட்டுத் தந்துவிட்டால், ஏதாவது பழுதில் டேப்பை ரீசெட் செய்யும் நாளில் அது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். அவர் அன்றைக்கு போனை எடுக்கவில்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் பலகை. ஆகவே பாடசாலையின் பெயரில் புதிதாக ஒரு கணக்கு, அதன் கடவுச்சொல் அதிபரிடம். ஆப்புக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டா, கட்டாவிட்டால் பாடங்கள் பூட்டிக்கொள்ளுமா என்பதை வாயால் அல்ல, எழுத்தில் வாங்குங்கள். சிம் போடுகிற டேப் என்றால் *#06# அழுத்தி வரும் 15 இலக்க அடையாள எண்ணை, முன்னால் IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த பொருளா, கள்ளச் சரக்கா என்று தெரிந்துவிடும். லொகின் செய்யத் தேவை என்று பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் பெற்றோரின் போன் எண்களையும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது உண்மைதான். அதற்காக அந்தச் சட்டம் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் வந்து காவல் நிற்கப்போவதில்லை. எண் ஒருமுறை போனால் போனதுதான், பிறகு டியூஷன் விளம்பரம் ஓயாது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. தாளை விடுவது டேப்பில் தொடங்குவதில்லை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தாள்களில்தான் தொடங்குகிறது. உங்கள் வினாத்தாள்கள், குறிப்புகள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? டவுனில் ஏதோவொரு கொமியூனிகேஷன் கடைக் கணினியில், பாமினி என்ற பழைய எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் முறை அது. தாளில் அச்சடிக்கும்வரை பாமினியில் குறையே தெரியாது. அதே கோப்பை ஒரு டேப்பில் திறந்துபாருங்கள், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் கந்தலாக நிற்கும். தேடவும் முடியாது. எல்லோரும் டேப்பைப் பற்றிப் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அலுவலகங்களிலிருந்தே இன்னும் பாமினிக் கோப்புகள் வந்துகொண்டிருக்கும்போது ஆசிரியரைக் குறைசொல்லி என்ன பயன்?

இந்தத் தவணையிலிருந்து தட்டுவதெல்லாம் யுனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் முறையில், என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் உள்ள தமிழ்த் தட்டச்சே யுனிகோடுதான், வாயால் சொல்லியும் எழுதலாம். பழையவற்றை மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசியுங்கள், சூத்திரங்களும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்திருக்கும். கடைக்காரரிடம் அச்சுப்பிரதியோடு கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முகம் சுளிப்பார், காசு கொடுத்தது நீங்கள்தானே. கோப்புக்குத் தரம், பாடம், ஆண்டு என்று பெயர் வைத்து, ஒரு பிரதி மடிக்கணினியில், ஒரு பிரதி வேறொருவர் வீட்டில் உள்ள பென் டிரைவில்.

பொருள் என்று பார்த்தால் ஒரு மடிக்கணினி, ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர், குழுவுக்கு ஒன்றாக ஆறு அல்லது எட்டு டேப். 30 வேண்டாம் என்று பழைய மாணவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சுவரில் ஒரே பிளக் உள்ள வகுப்பில் 30 டேப்பை எங்கே சார்ஜ் போடுவது? 8ஆம் தர நுண்ணங்கிப் பாடத்துக்கு இருட்டிய வகுப்பில் ஒரு பெரிய படம் போதும். வெப் கமராவை மேசைக்கு மேலே கட்டி ஒரு பிள்ளையின் கொப்பியைச் சுவரில் காட்டித் திருத்துங்கள், முழு வகுப்பும் கற்கும். பிடிஎஃப், வீடியோ எல்லாவற்றையும் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி மெமரி கார்டில் போட்டுக்கொண்டால் வகுப்பில் இணையமே தேவையில்லை. இணையமில்லாமல் வகுப்புக்குள்ளேயே பாடங்களைப் பரிமாறும் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது, அதை அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

வீட்டுவேலையை போனுக்கு மாற்றாதீர்கள். 2020இல் பாடசாலைகளை மூடி வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பியபோது பிள்ளைகள் சிக்னலுக்காகக் கல் மேலும் குன்று மேலும் ஏறியதை மறந்துவிட்டோமா? குடும்பத்துக்கு இருக்கும் ஒரே போனும் பல வீடுகளில் அப்பாவோடு கொழும்பில் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரம் இன்னும் பேனாவால்தான் எழுதப்படுகிறது, வரைபடமும் பெயரிடலும் கொப்பியில்தான் பழக வேண்டும்.

ஒருவருக்கு ஒரு டேப் வேண்டாம் என்றேன். ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்தச் சுற்றறிக்கை பேசினாலும் வகுப்பில் இதை யாரும் கவனிப்பதில்லை. பார்வை குறைந்த பிள்ளை. கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறவர், கொப்பியை மூக்கோடு ஒட்டி வைக்கிறவர், "கவனமில்லாத பிள்ளை" என்று பெயரெடுத்தவர், இவர்களை முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பல பிள்ளைகளின் பிரச்சினை கண்ணாடியோடு தீரும். தீராத பிள்ளைக்குத் தனி டேப் கொடுங்கள், வீட்டுக்கும் கொண்டுபோக விடுங்கள். டேப்பின் செட்டிங்ஸில் உள்ள அணுகல்தன்மை (அக்செசிபிலிட்டி) பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம், தமிழை வாய்விட்டு வாசிக்கவும் வைக்கலாம். ஆனால் அது யுனிகோடைத்தான் வாசிக்கும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் உளறும், ஸ்கேன் செய்த படத்தைக் கொடுத்தால் பேசாமல் இருக்கும். மேலே தட்டச்சைப் பற்றி நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்கு இந்தப் பிள்ளையும் காரணம். பெற்றோரையும் ஒருநாள் அழைத்து, டேப்பைப் பிள்ளையின் கையால் இயக்கிக் காட்டச் செய்யுங்கள்.

மழையும் மின்னலும் உங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பாடம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். விடுமுறைக்குப் பூட்டி வைக்கும்போது டேப்பில் பாதிச் சார்ஜ் இருக்கட்டும். முற்றாக இறங்கிக் கிடந்தால் பேட்டரி செத்துவிடும்.

கடைசியாக அலுமாரி. நன்கொடைப் பொருள் அதிபர் வழியாக, பாடசாலை அபிவிருத்திக் குழுவின் குறிப்போடு, இன்வென்ட்ரியில் ஏற வேண்டும். அதில் தப்பில்லை. ஏறிய மறுநாளே பொருள் பூட்டுக்குள் போவதுதான் தப்பு. உடைந்தால் விசாரணை, தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பு என்ற பயத்தில் பெட்டி பிரிக்காமலே வொரன்டி முடிந்த பொருள்கள் இந்த நாட்டில் எத்தனை! பயன்படுத்தினால் குற்றம், பூட்டி வைத்தால் நல்ல நிர்வாகம் என்றாகிவிட்டது. எனவே பொருள் வருமுன்பே குழுக் கூட்டத்தில் மூன்று விஷயத்தைக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள்: வகுப்பில் பாவிக்கும்போது ஏற்படும் சாதாரணச் சேதத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல, அலுமாரிச் சாவியில் ஒன்று விஞ்ஞான ஆசிரியரிடம், எடுத்த நாளும் வைத்த நாளும் எழுத ஒரு கொப்பி. வலயக் கல்விப் பணிமனைக்கு அந்தக் குறிப்பின் பிரதியை அனுப்பி, கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை காத்திருந்தால் 8ஆம் தரப் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதிவிடுவார்கள். பழைய மாணவர்களிடம் மிச்சப்படும் பணத்தை மூன்று ஆண்டுக்கான கேபிள், புரொஜெக்டர் பல்ப், ரீலோட் செலவுக்கென்று ஒதுக்கித் தரும்படி கேளுங்கள்.