கைக்குழந்தைக்கு எந்த மயக்க வாயு? கேள்வி பதில்

கே: ஏழு மாதக் குழந்தைக்குக் குடலிறக்க அறுவை. ஏன் செவோஃப்ளுரேன்?

ப: மூச்சுப்பாதையை உறுத்தாது, ரத்தத்தில் குறைவாகக் கரையும். குறைவாகக் கரையும் வாயுதான் மூளையை வேகமாகப் பிடிக்கும், வேகமாக விடும். அதன் கரைதிறன் எண் சுமார் 0.65, பழைய மயக்க வாயுவான ஹாலோத்தேனுக்கு 2.4. அப்புறம், குழந்தைக்குச் சளி இருந்தால் மறைக்காதீர்கள்.

கே: டெஸ்ஃப்ளுரேன் இன்னும் வேகமாமே?

ப: 0.42, வேகம்தான். ஆனால் மூச்சுப்பாதையை உறுத்தும் நெடி. இருமல், குரல்வளை இறுக்கம் என்று வரிசையாக வரும். குழந்தையைத் தூங்க வைக்க அது வேண்டவே வேண்டாம்.

கே: பாலை எப்போது நிறுத்துவது?

ப: பொதுவாகத் தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு, பவுடர் பால் 6. உங்கள் மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

கே: நான் பழைய மயக்க மருத்துவன். மெதுவான ஹாலோத்தேன்தான் பத்திரம். செவோவை 8 சதவீதம் திறப்பது அராஜகம்!

ப: ஐயா, 8 என்ற எண்ணைப் பார்த்து மிரளலாமா? கத்தி பட்டாலும் பாதிப்பேர் அசையாமலிருக்கத் தேவையான அளவு கைக்குழந்தைக்குச் செவோவில் சுமார் 3.2 சதவீதம். 8 அதற்கு இரண்டரை மடங்கு. ஹாலோத்தேனில் அது 1.1 போலத்தான், அதை ஆவியாக்கித் தரும் கருவியான வேப்பரைசரோ 5 சதவீதம் வரை திறக்கும். நாலு மடங்குக்கும் மேல்!

கே: அளவாகத் திறக்கத் தெரிந்தவனுக்கு?

ப: உங்கள் கை மீது சந்தேகமில்லை, மருந்தின் மீதுதான். கைக்குழந்தையின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. துடிப்பின் வேகத்தை நம்பித்தான் ரத்தஓட்டமே. ஹாலோத்தேன் அந்த வேகத்தையும் குறைக்கும், சுருங்கும் பலத்தையும் குறைக்கும். வாயுவை மூடினாலும் சட்டென்று இறங்காது. மெதுவாக ஏறியது மெதுவாகத்தான் இறங்கும். செவோவில் விழிக்கும்போது அலறலும் திமிறலும் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் 2 முதல் 5 வயதுத் தொல்லை.

கே: பசியில் அழுகிறான், ஒரு வாய் பால்?

ப: மேலே சொல்லிவிட்டேன். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போய்விடும்.

கே: மூளை வளர்ச்சி பாதிக்குமா?

ப: 3 வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேலோ, பலமுறையோ மயக்கம் தருவது பற்றித்தான் 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. கைக்குழந்தைகளின் குடலிறக்க அறுவையில், ஒரு மணி நேரத்துக்குட்பட்ட செவோ மயக்கத்தை முதுகு ஊசி முறையோடு ஒப்பிட்டார்கள். 5 வயதில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2019இல் முடிவு வந்தது.

கே: பால் இல்லை, பிஸ்கட்?

ப: அம்மா, கூடாது!

கே: என் அண்ணனுக்கு மயக்கத்தில் உடம்பு கொதித்துப் போனது. சொல்லணுமா?

ப: இன்றைக்கே சொல்லுங்கள். பரம்பரைக் கோளாறாக இருந்தால் செவோ, ஹாலோத்தேன், டெஸ்ஃப்ளுரேன் மூன்றுமே கூடாது, ஊசிவழி மயக்கம்தான். சளியைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.